உத்தியோக நேரமும் இன்டர்நெட்டும்

நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் காரியாலயத்து மேஜை மேலிருந்த கறுப்பு டெலிபோனுக்குப் பூட்டு உண்டு. எண்கள் உள்ள சுழல் வட்டத்தின் துளையொன்றில் அந்தச் சிறு பூட்டைச் செருகித் திருகிவிட்டால், வெளியிலிருந்து வருகிற அழைப்பை எடுத்துப் பேசலாமேயன்றி, இங்கிருந்து எவரையும் அழைக்க இயலாது. ரிசீவர் வைக்கும் தாங்கியை விரலால் கணக்குத் தப்பாமல் தட்டித் தட்டியே வேண்டிய எண்ணைப் பிடித்துவிடும் சாமர்த்தியசாலிகள் சிலர் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஊரில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து, உடனே பேசியாக வேண்டும் என்று தவிக்கும் சிப்பந்தி, போர்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அம்மாளிடம் போய்ச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டிரங்க்கால் பேசுவார். மாதக் கடைசியில் அந்தத் தொகை சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். இந்த ஏற்பாட்டை அவமானமென்று எவரும் கருதியதாக எனக்கு நினைவில்லை. டெலிபோனும் கம்பெனியுடையது, பணமும் கம்பெனியுடையது. ஆகவே கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தில் ஊரின் பெயரும் நிமிஷமும் ரூபாயும் எழுதப்பட்டனவே ஒழிய, மகன் தாயாரோடு பேசிய பேச்சு எழுதப்படவில்லை. இன்டர்நெட் வந்த பிறகுதான் கணக்கும் பேச்சும் ஒரே ஏட்டில் ஏறத் தொடங்கின. அந்த ஏட்டைப் பல வருஷங்கள் என் பொறுப்பில் வைத்திருந்தவன் என்ற முறையில், அதில் நான் கண்டவற்றைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அப்போது ஈ.டி.பி. என்று அழைக்கப்பட்ட கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலை பார்த்தேன். 1995-ஆம் வருஷம் ஆகஸ்ட் 15-ஆம் தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது என்றாலும், எங்கள் கம்பெனிக்கு அது வந்து சேரச் சற்றுக் காலம் பிடித்தது. முதலில் ஜெனரல் மேனேஜரின் அறையில் மட்டும் ஒரு மோடம். அது கரகரவென்று இரைந்து, கீச்சென்று கூவி, கடைசியில் மௌனமாகும் வரையில் அறைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரைபடங்களை இமெயிலில் அனுப்பத் தொடங்கவே, 64 கே.பி.பி.எஸ். வேகமுள்ள லீஸ்டு லைன் ஒன்று போடப்பட்டது. வருஷத்துக்குச் சில லட்சங்களை விழுங்கிய அந்த லைன், கூட்டிக் கழித்துப் பார்த்தால், விநாடிக்கு எட்டு கிலோபைட் மட்டுமே கொண்டுவரும். வேறு ஒருவரும் தொடாமலிருந்தாலும்கூட ஒரு மெகாபைட் வரைபடம் வந்து இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். தெருக்குழாயில் நூல் போல ஒழுகும் தண்ணீருக்கு ஐம்பது குடங்கள் வரிசையில் நின்றால் எப்படியோ, அப்படித்தான் எங்கள் காரியாலயம் அந்த லைனுக்காகக் காத்து நின்றது.

அந்தப் பற்றாக்குறை எத்தகையது என்பதை 2001-ஆம் வருஷம் மார்ச் 14-ஆம் தேதி நான் கண்கூடாகக் கண்டேன். கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். லக்ஷ்மணும் டிராவிடும் காலையில் ஆட வந்து மாலை வரையில் ஆட்டமிழக்காமல் நின்ற நாள். புதன்கிழமை, வேலை நாள். கிரிக்இன்ஃபோவின் ஸ்கோர் பக்கம் தன்னைத்தானே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும் குணமுடையது. எங்கள் கட்டடத்தில் எத்தனை கம்ப்யூட்டர் உண்டோ அத்தனையிலும் அது திறந்து கிடந்தது. லைனின் உபயோகத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அளந்து பச்சை நிறத்தில் வரைபடமாகத் தீட்டிக் காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருளை நான் நிறுவியிருந்தேன். அன்றைக்கு அந்தப் பச்சை, காலை பத்து மணியிலிருந்து உச்சிக் கோட்டைத் தொட்டபடியே ஒரு பீடபூமியைப் போல் நீண்டு கிடந்தது. ஏற்றுமதிப் பிரிவிலிருந்து ஷிப்பிங் பத்திரங்கள் போகவில்லை என்று ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். எல்லோருக்கும் ஸ்கோர் வேண்டும். கப்பலுக்குப் பத்திரமும் போக வேண்டும். கடைசியில், என் பிரிவிலிருந்த ஒரு பையன் ஸ்கோரை மட்டும் பார்த்து அரை மணிக்கு ஒரு தடவை உள் மெயிலில் எல்லோருக்கும் அனுப்புவது, மற்றவர்கள் அந்தப் பக்கத்தை மூடிவிடுவது என்று ஏற்பாடு செய்தேன். பத்திரங்களும் போயின, அன்றைய 335 ஓட்டங்களும் குறைவின்றி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன. இப்படிப்பட்ட கட்டுப்பாட்டைத் தொழிலாளி மனதார ஏற்றுக்கொள்வான். காரணம் அவன் கண்ணெதிரே தெரிகிறது.

லைனைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக ஸ்க்விட் என்ற புராக்ஸி சர்வரை வைத்தோம். அவரவர் கம்ப்யூட்டர் நேரே வெளியே போகாது. ஸ்க்விட்டிடம் கேட்கும், ஸ்க்விட் வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும், ஒரு முறை வாங்கியதைத் தன்னிடத்திலும் பத்திரப்படுத்தி வைத்து அடுத்தவர் கேட்டால் அதையே எடுத்து நீட்டும். சிக்கனத்துக்கென்று பிறந்த சாதனம் அது. ஆனால் அதனுள்ளே லாக் என்ற பதிவேடு ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் கேட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி: 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணப்படும் விநாடிக் கணக்கில் நேரம், எந்தக் கம்ப்யூட்டர் கேட்டது, எத்தனை பைட் வந்தது, அதோடு அந்தப் பக்கத்தின் முழு முகவரி. அந்நாளில் பெரும்பாலான தளங்கள் மறைக்குறியீடு இல்லாமல் இயங்கியதால், ஒருவர் கூகிளில் எதைத் தேடினாரோ அந்தச் சொற்களும் முகவரியின் வாலில் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். லைன் ஏன் அடைபட்டது என்று பார்ப்பதற்காக அந்த லாகைத் திறக்கிறவன், வேண்டாமென்றாலும், யாருக்குக் கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வேறு வேலை தேடுகிறார்கள், யாருடைய குழந்தைக்கு எந்த டாக்டரைத் தேடுகிறார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மூட வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது தெரியும். அவர்களால் கண்காணிக்கப்படும் லட்சக்கணக்கானவர்களுக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

முதல் தடைகள் விளையாட்டுத் தளங்களுக்கும் ஆபாசத் தளங்களுக்கும் வந்தன. அவற்றை ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அடுத்தபடியாக, வேலை தேடித் தரும் தளங்களை நிறுத்த வேண்டுமென்று பெர்சனல் பிரிவு விரும்பியது. ஒவ்வொரு தளமாகப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பொறுமையில்லாமல், முகவரியில் ‘ஜாப்’ என்ற சொல் எங்கே வந்தாலும் மறுத்துவிடும்படி ஒரு விதியைப் போடச் சொன்னார்கள். அம்பத்தூரில் எந்தத் தொழிற்சாலைக்கும் உயிர்நாடி ஜாப் ஒர்க். பாகங்களைப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து வாங்குவதும், முலாம் பூசி வாங்குவதும், அதற்கான எக்ஸைஸ் விதிகளைப் பார்ப்பதும் அன்றாட காரியங்கள். விதி அமலுக்கு வந்த அன்றே எக்ஸைஸ் பிரிவு குமாஸ்தாவின் திரையில் தடை அறிவிப்பு வந்து நின்றது. அவர் தேடியது ஜாப் ஒர்க் பற்றிய ஒரு சுற்றறிக்கையை. சொல்லைப் பார்த்துத் தடுக்கிற இயந்திரத்துக்குக் காரியம் தெரியாது. விதி எடுக்கப்பட்டது.

2001 செப்டம்பரில் நிம்டா என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது. இமெயில் மூலமாகவும், வலைப்பக்கங்கள் மூலமாகவும், உள் நெட்ஒர்க்கின் பொது ஃபோல்டர்கள் மூலமாகவும் ஒரே சமயத்தில் பரவும் ஆற்றல் அதற்கு இருந்தபடியால், எங்கள் தொழிற்சாலையும் தப்பவில்லை. கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகக் கேபிளைப் பிடுங்கிச் சுத்தம் செய்ய இரவும் பகலும் உழைத்தோம். கம்பெனி மெயில் வரும் வழியில் வைரஸைப் பிடிக்கக் காவல் இருந்தது. யாகூ, ஹாட்மெயில் முதலிய சொந்த மெயில் வரும் வழியில் காவல் கிடையாது. ஆகவே சொந்த மெயிலை நிறுத்தும்படி உத்தரவாயிற்று. உத்தரவை நிறைவேற்றியவன் நான். அதற்கு நியாயம் இருந்தது என்று அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

மறுநாள் டிஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி என் அறை வாசலில் வந்து நின்றார். “சார், எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். அடுத்து எந்தத் துறைமுகம்னு மெயில்லதான் சொல்லுவார். யாகூ திறக்கவே மாட்டேங்குதே சார்” என்றார். சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை அவருடைய கணவருக்கு. கப்பல் கரை தொட்டதும், மாலுமிகளுக்கென்று துறைமுகங்களில் நடத்தப்படும் கிளப்புக்குப் போய் அங்கிருந்து இரண்டு வரி எழுதுவாராம். அம்மணியின் வீடு ஆவடிக்கு அப்பால். வீட்டில் டெலிபோன் இல்லை. பக்கத்தில் பிரௌசிங் சென்டரும் இல்லை. சாப்பாட்டு வேளையில் காரியாலயத்துக் கம்ப்யூட்டரில் பார்க்கிற அந்த இரண்டு வரிகளே, மாதக் கணக்கில் கடலில் இருக்கும் மனிதர் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறார் என்பதற்கு அவருக்குக் கிடைக்கும் சாட்சி.

பிரௌசர் மூலமாகப் பார்க்கிற மெயில் என்ற இந்த வசதி எப்படிப் பிறந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். கலிபோர்னியாவில் ஃபயர்பவர் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும், சொந்தமாகத் தொழில் தொடங்குவதைப் பற்றித் தங்களுக்குள் இமெயிலில் பேசிக்கொள்ள விரும்பினார்கள். கம்பெனி மெயிலில் எழுதினால் மேலதிகாரி படித்துவிடக்கூடும் என்ற பயம். வெளியிலிருந்த சொந்த மெயிலைத் தொடவோ கம்பெனியின் ஃபயர்வால் விடாது. எங்கிருந்தாலும் பிரௌசரைத் திறந்தே மெயில் பார்க்க முடிந்தால் என்ன என்ற யோசனை அந்த இக்கட்டிலிருந்துதான் உதித்தது. 1996 ஜூலை 4-ஆம் தேதி ஹாட்மெயில் தொடங்கியது. மறு வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. காரியாலயத்தில் தனக்கென்று ஓர் அந்தரங்க மூலை வேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைக் காட்டிலும் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது.

அப்போதிருந்த ஜெனரல் மேனேஜர் கண்டிப்பானவர். ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். விஷயத்தைச் சொன்னேன். “வைரஸும் வரக் கூடாது, வேலையும் கெடக் கூடாது. வழி இருந்தா எழுதி எடுத்துட்டு வாங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். கேன்டீனுக்குப் போகும் வழியில், நூலகம் என்ற பெயரில் தூசி படிந்து கிடந்த அறையில், கழித்துப் போட்டிருந்த பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தோம். உள் நெட்ஒர்க்கோடு அதற்குத் தொடர்பே கிடையாது. தனி மோடம், தனி டயல்அப் கணக்கு, ஃபிளாப்பி டிரைவ் கழற்றப்பட்டது. அதில் வைரஸ் வந்தாலும் அங்கேயே கிடக்கும். சாப்பாட்டு நேரத்திலும் ஷிஃப்ட் முடிந்த பிறகும் யார் வேண்டுமானாலும் பத்து நிமிஷம் பார்க்கலாம். பக்கத்திலிருக்கும் நோட்டில் பெயரும் நேரமும் எழுதினால் போதும். என்ன பார்த்தார்கள் என்பதை அந்தக் கம்ப்யூட்டர் பதிவு செய்யாதபடி நானே அமைத்தேன். தமிழ்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்த காலமானதால், அத்தனை எழுத்துருக்களையும் தேடிப் பிடித்து அதில் இறக்கி வைத்தேன்.

நான் நினைத்தது டிஸ்பாட்ச் அம்மணியைப் போன்ற நாலைந்து பேரை. வந்தவர்களோ மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் மட்டுமல்லர். அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டறியாத ஷாப் ஃப்ளோர் தொழிலாளிகளும் வந்தார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் காலையிலேயே அறையைத் திறந்து வைக்க மேனேஜர் அனுமதி கொடுத்தார். ஹீட் டிரீட்மென்ட் பிரிவில் உலைக்கு முன் நிற்பவர் ஒருவர், திருவள்ளூரிலிருந்து ரயிலில் வருபவர், மகளின் பதிவு எண்ணைத் தம் சீசன் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு ஊர் முழுவதும் அந்தத் தளத்தை முட்டிக்கொண்டிருந்ததால் பக்கம் வருவதும் பாதியில் நிற்பதுமாக இருந்தது. கடைசியில் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது: பெயர், தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், 1200-க்கு இத்தனை என்று கூட்டுத்தொகை வருவதற்குள் அவர் மனத்துக்குள்ளேயே கூட்டி முடித்திருந்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்துக் கிழித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் நனைந்துவிடும் என்று, அதை நாலாக மடித்துக் காலி டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூடிக்கொண்டு உலைக்குத் திரும்பிப் போனார். அன்று அந்தப் பிரிவில் உற்பத்தி குறைந்ததாக எந்தக் கணக்கிலும் நான் காணவில்லை.

பின்னர் நிர்வாகம் மாறியது. லைனும் பெரிதாயிற்று; 64 கே.பி.பி.எஸ். போய் மெகாபிட் கணக்கில் வந்தது. பற்றாக்குறை தீர்ந்துவிட்டதால் தடைகள் தளரும் என்று எதிர்பார்ப்பது சகஜம். நடந்தது நேர்மாறு. 2004-இல் தொடங்கிய ஆர்குட் இரண்டு மூன்று வருஷத்தில் இளைஞர்கள் நடுவே காட்டுத்தீயாய்ப் பரவவே, நிர்வாகம் அதைத் தடுத்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நிற்காமல், மாதந்தோறும் இன்டர்நெட்டை அதிகம் உபயோகிக்கும் முதல் பத்துப் பேரின் பட்டியலைக் கேட்டார்கள். அளவை மட்டும் குறித்து அனுப்பினேன். போதாது, ஒவ்வொருவரும் சென்ற முகவரிகளும் வேண்டும் என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது. என் ஆட்சேபணையை எழுதி மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டு அனுப்பினேன். அந்தப் பட்டியல் பிரிவுத் தலைவர்கள் அனைவருக்கும் சுற்றுக்கு விடப்படும் என்று எனக்குச் சொல்லப்படவில்லை.

அந்தப் பட்டியலில் டூல் ரூம் சூப்பர்வைசர் ஒருவரின் பெயர் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு மைக்ரான் பிசகினாலும் டையைத் திருப்பி அனுப்பிவிடும் நேர்த்தியான வேலைக்காரர். ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருந்து அவர் படித்தவையெல்லாம் சிறுநீரகக் கோளாறைப் பற்றிய பக்கங்கள். கிரியாட்டினின் அளவு, அதற்கேற்ற ஆகாரம், மாற்றுச் சிறுநீரகத்துக்கான சட்டம். தேடிய சொற்கள் முகவரியிலேயே இருந்ததால், படித்துப் பார்க்கிறவருக்கு வேறு விளக்கம் தேவையிருக்கவில்லை. இரண்டொரு நாளில் கேன்டீனில் அவரைச் சூழ்ந்துகொண்டு, “டயாலிசிஸ் எப்போ சார் ஆரம்பிக்கணும்னு சொல்லியிருக்காங்க?” என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அன்பால் கேட்டவர்கள்தாம் எல்லோரும். அதற்கடுத்த வாரம், அவரைக் கேளாமலே, இரவு ஷிஃப்டிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். நைட் அலவன்ஸ் நின்றது. ஒரு மாலையில் என் அறைக்கு வந்து உட்கார்ந்தவர், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என் உடம்பைப் பத்தி வீட்ல நான் இன்னும் சொல்லலை சார். பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். நான் சொல்றதுக்கு முன்னாடி உங்க லிஸ்ட் சொல்லிடுச்சு.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த வரைபடம் ஒருவருடைய சொந்த மெயிலின் வழியாகப் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டால், நூறு குடும்பங்களின் பிழைப்புப் பாழாகும். கம்பெனி லைனில் ஒருவன் சட்ட விரோதமான காரியம் செய்தால் போலீஸ் முதலில் கம்பெனி வாசலில்தான் வந்து நிற்கும். வேலையைப் போட்டுவிட்டு நாளெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சோம்பேறிகளும் இல்லாமலில்லை. ஆனால் சோம்பேறியைக் கண்டுபிடிக்க லாக் எதற்கு? முடியாமல் கிடக்கும் வேலை அவன் மேஜை மேலேயே கிடக்கிறதே. வரைபடம் வெளியே போகாமலிருக்க, வரைபடம் உள்ள இடத்தைப் பூட்ட வேண்டும். சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்கிறவரின் பெயரை ஊருக்கு வாசிப்பதால் எந்த வரைபடம் காப்பாற்றப்பட்டது?

இதே காலத்தில் ருமேனியா தேசத்தில் நடந்த ஒரு வழக்கைப் பின்னாளில் படித்தேன். பர்புலெஸ்கு என்ற என்ஜினியர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காகக் கம்பெனி கேட்டுக்கொண்டபடி யாகூ மெசஞ்சரில் கணக்குத் தொடங்கியவர். 2007 ஜூலையில் சில நாட்கள் அவருடைய சம்பாஷணைகளைக் கம்பெனி பதிவு செய்து, சகோதரரோடும் நிச்சயிக்கப்பட்ட பெண்ணோடும் அவர் பேசியவற்றைத் தாள் தாளாக அச்சடித்து முன்னே வைத்து வேலையிலிருந்து நீக்கியது. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை, 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி, பதினேழு நீதிபதிகளில் பதினொருவர் ஒருமித்து அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முதலாளி கட்டுப்பாடு விதிக்கலாம்; ஆனால் எந்தக் கட்டளையாலும் வேலையிடத்தில் ஒரு மனிதனின் அந்தரங்க வாழ்க்கையைப் பூஜ்யமாக்கிவிட முடியாது; கண்காணிப்பு உண்டென்பதையும் அதன் அளவையும் முன்கூட்டியே அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பத்து வருஷத்துக்கு முன் இதைக் கையில் வைத்திருந்தால் என் வாதம் சுலபமாயிருந்திருக்கும். நாங்கள், நானும் தொழிற்சங்கத்தாரும், வெறும் நியாயத்தை மட்டுமே வைத்துக்கொண்டு பல மாதங்கள் பேச வேண்டியிருந்தது. முடிவில் பட்டியலில் அளவு மட்டுமே போகும் என்றும், முகவரிகளைப் பார்க்க வேண்டுமானால் குறிப்பிட்ட விசாரணைக்காக இரண்டு அதிகாரிகள் எழுத்தில் கையொப்பமிட வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். டூல் ரூம் சூப்பர்வைசருக்கு நைட் அலவன்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை.

2012 ஜூலையில் ரயில்வே, தத்கால் முன்பதிவைக் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்கு மாற்றியது. அதிலிருந்து தினமும் பத்தடிக்கும் வேளையில் என் பச்சை வரைபடத்தில் ஒரு கூர்மையான சிகரம் எழும்பும். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தையே அடைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ பண்டிகைக்குப் போக வேண்டியவர் பத்து நிமிஷத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். அடைத்துவிட்டால் ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நிற்க அரை நாள் லீவு போடுவார் என்று சொன்னேன். அந்த யோசனை அத்தோடு கைவிடப்பட்டது.

நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிடவில்லை. அதற்குள் காட்சி மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் அவரவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆகவே தடை செல்போனின் மேல் திரும்பிற்று, வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் வைக்கும் காரியாலயங்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏராளம். கம்ப்யூட்டரிலோ, 2010-இல் ஜிமெயில் எப்போதும் மறைக்குறியீட்டோடு இயங்கத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு தளமாக அந்த வழிக்கு வந்துவிட்டபடியால், புராக்ஸிக்குத் தளத்தின் பெயர் தெரியுமே தவிர உள்ளே படித்தது தெரியாது. அதற்கும் மாற்று உண்டு: கம்பெனி தன்னுடைய சான்றிதழ் ஒன்றைத் தன் கம்ப்யூட்டர்களில் நிறுவிவிட்டால், மறைக்குறியீட்டை நடுவழியில் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப மூடி அனுப்பலாம், திரையில் பூட்டுச் சின்னம் மட்டும் வழக்கம்போலவே தெரியும். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு பலருக்கு வேலையே வீட்டுக்கு வந்துவிட்டதால், சில நிமிஷத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்பும் மென்பொருள்களும் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. நம் தேசத்திலோ, 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகும், 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உத்தியோக சம்பந்தமான காரியங்களுக்கும் முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவனுடைய விவரங்களைக் கையாள இடம் வைத்திருக்கிறது. அந்த இடம் எத்தனை அகலம் என்பது இனிமேல் வழக்கு மன்றங்களில்தான் தெரியும்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நிர்வாகஸ்தர்களை நான் வேண்டிக்கொள்வது ஒரே ஒரு பக்கம் காகிதம்: எதைப் பதிவு செய்கிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம், யார் படிக்கலாம், எதைப் படிக்க மாட்டோம் என்று தொழிலாளிக்குப் புரிகிற தமிழில் எழுதி, நியமன உத்தரவோடு சேர்த்துக் கொடுங்கள், சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் அவனுக்கு விடுங்கள். உத்தியோகத்தில் இருக்கிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரி, பாங்க், குடும்பக் கடிதம் இவற்றைக் கம்பெனிக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள், உங்கள் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் பாருங்கள். நான் சொன்ன அந்தக் காகிதம் உங்கள் காரியாலயத்தில் இதுவரை கொடுக்கப்படவில்லையென்றால், தனியாகப் போகாமல் நாலு பேராகப் போய், எழுத்து மூலமாகக் கேளுங்கள்.